உயரத்தில் ஒரு தேசம்: பொலிவியா பற்றி வாசகர் கேள்விகள்

கணவரின் வேலை காரணமாக பொலிவியாவின் லா பாஸ் நகரில் குடியிருந்த காலத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. லேசான ரத்த அழுத்தம் உண்டு. அவ்வளவு உயரமான ஊருக்கு நான் போகலாமா?
– வாசகி, காரைக்குடி

முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், அடுத்து பயணத் திட்டத்தை மாற்றுங்கள். லா பாஸ் நகரம் கிட்டத்தட்ட 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விமான நிலையம் எல் ஆல்டோவில், 4,000 மீட்டருக்கும் மேலே. விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியைத் தூக்கியதுமே நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும். இளவட்டங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. அதனால் நேராக அங்கே போய் இறங்காதீர்கள். தாழ்வான சாந்தா க்ரூஸில் இறங்கி, 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயில் சில நாள் தங்கி, அப்புறம் மேலே ஏறுங்கள். சுக்ரே வெறும் இடைத்தங்கல் ஊர் அல்ல. அரசியல் சட்டப்படி நாட்டின் தலைநகரமே அதுதான். வெள்ளையடித்த பழைய வீடுகளும் மெல்லிய வெயிலுமாக, மனசுக்கு இதமான ஊர்.

மேலே போனதும் எல்லோரும் கோக்கா இலைத் தேநீரை நீட்டுவார்கள். கோகெய்ன் எடுக்கும் செடியின் இலைதான் அது. ஆனால் அங்கே இலை சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆயமாரா, கெச்சுவா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மென்றுவரும் இலை. குடித்துப் பாருங்கள். ஆனால் ஒரு பாக்கெட்கூட ஊருக்கு எடுத்து வராதீர்கள். நம் நாட்டுச் சட்டம் அந்த இலையையும் போதைப்பொருளாகத்தான் பார்க்கிறது.

கேள்வி: உயூனி உப்புவெளியில் வானம் கண்ணாடி போலத் தெரியும் படங்களைப் பார்த்தேன். எந்த மாதம் போனால் அப்படிப் பார்க்கலாம்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஜனவரி முதல் மார்ச் வரை. மழை பெய்து உப்பின்மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் நிற்கும்போதுதான் அந்தக் காட்சி கிடைக்கும். ஆனால் என்னைக் கேட்டால், மழை ஓய்ந்த பிறகு, மே முதல் அக்டோபருக்குள் போகச் சொல்வேன். 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த அந்த வெளி காயும்போது, தரை முழுக்க அறுகோணக் கட்டங்களாக வெடித்து, ஓரங்களில் உப்பு வரப்பு கட்டி நிற்கும். குனிந்து தொட்டால் விரலில் நறநறக்கும். இந்தப் பருவத்தில்தான் நடுவில் இருக்கும் இன்காவாசி பாறைத்தீவுக்கும் வண்டி போகும். ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு வளர்ந்த கள்ளிகள் அங்கே கூட்டமாக நிற்கின்றன. மழைக்காலத்தில் பெரும்பாலும் அங்கே போக முடியாது.

ஓரத்தில் கொல்சானி என்றொரு கிராமம். அங்குள்ளவர்கள் உப்பைச் சுரண்டிச் சின்னச் சின்னக் கூம்புகளாகக் குவித்து நீர் வடிய விடுகிறார்கள். பிறகு காயவைத்து, அரைத்து, அயோடின் கலந்து பையில் அடைக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள், ஒரு பை உப்பும் வாங்குங்கள்.

இன்னொன்று: வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பி, தாடைக்கு அடியையும் மூக்குக்கு உள்ளேயும்கூடச் சுட்டுவிடும். அங்கெல்லாம் களிம்பு பூசுங்கள், கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்கு வெகுகீழே போகும். நாள் இருந்தால் தெற்கே லகூனா கொலராதா வரை செல்லுங்கள். பாசியால் சிவந்து கிடக்கும் ஏரி அது. அதில் பூநாரைகள் மேயும்.

கேள்வி: நாங்கள் சைவம். பொலிவியாவில் என்ன சாப்பிடுவது?
– இல்லத்தரசி, கும்பகோணம்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நம் சமையலறையில் இருக்கும் வேர்க்கடலை, பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் பகுதியில் பிறந்தது என்கிறார்கள் தாவரவியலாளர்கள். மிளகாயின் காட்டு உறவுகளும் பொலிவியாவில் ஏராளம். இரண்டும் கப்பலேறி நம்மிடம் வந்தவை.

எங்கள் வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் ‘யஹ்வா’ அரைப்பார். அதற்கு ‘பத்தான்’ என்ற தட்டைக்கல் இருக்கிறது, நம் அம்மியேதான். ஆனால் குழவியை முன்னும் பின்னும் இழுப்பதில்லை. அடிப்பக்கம் வளைந்த கனமான கல்லை இரு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார். தக்காளி, ‘லொகோத்தோ’ என்ற தடித்த மிளகாய், ‘கிர்கிஞ்யா’ என்ற மணத்தழை, உப்பு. அவ்வளவுதான், தாளிப்பு கிடையாது. லொகோத்தோவை வெட்டினால் உள்ளே விதைகள் கறுப்பாக இருக்கும். காரம் நிதானமாக வந்து நெடுநேரம் நிற்கும். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

உருளைக்கிழங்கு என்றதும் ‘சுன்யோ’வைச் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதத்து உறைபனி இரவுகளில் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்பிவிடுவார்கள். இரவில் உறையும், பகலில் இளகும். இளகியதை வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, தோல் உரித்துக் காயவைப்பார்கள். கடைசியில் கூழாங்கல் போலக் கறுத்து, எடையற்றுப் போகும், வருஷக்கணக்கில் கெடாது. ஊறவைத்து வேகவைத்தால் லேசான மண்வாசனையோடு இருக்கும். முதல் வாய் பிடிக்காமல் போகலாம், விட்டுவிடாதீர்கள். முட்டை சேர்ப்பவர்கள் வெங்காயம், தக்காளி, பாலாடைக்கட்டியோடு கிளறிய ‘சுன்யோ புத்தி’யைக் கேளுங்கள்.

பச்சை வேர்க்கடலையை அரைத்துக் கொதிக்கவிடும் ‘சோப்பா தே மானி’ என்ற சூப் அருமையானது. ஆனால் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த நீரில்தான் அதைச் செய்வார்கள். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பை ஊற்றுவார்கள். “இறைச்சிச் சாறும் வேண்டாம்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் ஊதாச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சும் ‘ஆப்பி’ கெட்டியாக, சூடாகக் கிடைக்கும். அதில் கவலையே இல்லை.

தங்குமிடத்தில் நீங்களே சமைப்பதானால் குக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். லா பாஸில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் சரியாக மசியாது.

கேள்வி: அந்த ஊர்ப் பெண்கள் வட்டத் தொப்பியும் அகலப் பாவாடையும் அணிவது சுற்றுலாப் பயணிகளுக்காகவா?
– ஆசிரியை, ஈரோடு

இல்லவே இல்லை. அது அவர்களுடைய அன்றாட உடை. காய்கறி விற்பவர், வக்கீல், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் என எல்லா வேலையிலும் இருப்பவர்கள் அணிகிறார்கள். இரட்டைப் பின்னல், மடிப்பு மடிப்பான ‘பொய்யேரா’ பாவாடை, முதுகில் குழந்தையையோ மூட்டையையோ கட்டிய வண்ணத்துணி, உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும் தொப்பி. இந்த உடைக்காகவே ஒரு காலத்தில் அவர்களை ஏளனம் செய்தார்கள், பல இடங்களில் உள்ளே விடவில்லை. 1989-இல் ரெமேதியோஸ் லோசா இதே பாவாடையோடு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலையேறுபவர்களுக்குச் சமைத்தும் சுமை தூக்கியும் பிழைத்த ஆயமாரா பெண்கள் சிலர், 2019 ஜனவரியில் பாவாடை உடுத்தியபடியே அர்ஜென்டினாவின் 6,961 மீட்டர் அகோன்காகுவா சிகரத்தில் ஏறி நின்றார்கள். இந்த உடை அணிந்த பெண்களை, அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே போகிறவர்களுக்கு நான் வைக்கும் ஒரே வேண்டுகோள் இது.

கேள்வி: பொலிவியாவுக்குக் கடலே கிடையாதாமே, கடற்படை மட்டும் எதற்கு?
– வாசகர், தூத்துக்குடி

1879-இல் தொடங்கிய போரில் தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது. கடற்படை இப்போது டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் இருக்கிறது. மார்ச் 23-ஐ இன்றும் கடல் நாளாக அனுசரிக்கிறார்கள். அந்த இழப்பு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: அமேசான் காடு பிரேசிலில்தானே? பொலிவியாவிலும் பார்க்க முடியுமா?
– பொறியாளர், ஓசூர்

தாராளமாக. அந்த நாட்டில் பாதிக்கும் மேல் தாழ்நிலம்தான். லா பாஸிலிருந்து ருர்ரெனபாக்கேவுக்குச் சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து யாகுமா ஆற்றுப் பக்கம் போனால் முதலைகள், காப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குகள், இளஞ்சிவப்பு ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) எல்லாம் படகிலிருந்தே தெரியும். காட்டுக்கு என்றால் மதீதி தேசியப் பூங்கா. மழைக்காட்டில் தொடங்கிப் பனிமலை வரை ஏறும் பூங்கா அது. அங்கே சலலான் என்ற விடுதியை உள்ளூர்ப் பழங்குடிச் சமூகமே நடத்துகிறது. கொஞ்சம் செலவானாலும் அங்கே தங்குங்கள், பணம் அந்தக் கிராமத்துக்கே போய்ச் சேரும்.

போவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் விசாரிக்கலாம். பொலிவியாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே உங்களைத் தனிமைப்படுத்திவிடலாம். அதனால் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.