தேனா, டூவா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கொட்டை வாங்குபவருக்கு அனுப்பும் மெயிலில் 'அரபிகா இஸ் சுபீரியர் தேன் ரொபஸ்டா' என்று எழுதியிருந்தேன் (இரண்டும் காப்பி வகைகள்). மேனேஜர் 'தேன்' என்பதை அடித்து 'டூ' போட்டார். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்கிறார். 'பெட்டர் தேன்' சரியென்றால் 'சுபீரியர் தேன்' மட்டும் ஏன் தப்பு?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள தம்பி,

திருத்தம் சரிதான். ஆனால் 'அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பியதில் எனக்கு வருத்தம். காரணம் இருக்கிறது.

நமக்கு 'விட' ஒன்று போதும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இறங்கியதும் 'சேலத்தைவிட ஏற்காடு குளிர்' என்கிறோம். 'குளிர்' அசையவே இல்லை. ஒப்பீட்டை 'விட' சுமந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கோல்டு' முதலில் 'கோல்டர்' ஆக வேண்டும், பிறகுதான் 'தேன்'. நம் பிள்ளைகள் 'கோல்டு தேன் சேலம்' என்று எழுதினால் திட்டாதீர்கள். தமிழ் இலக்கணத்தை அவர்கள் பிசகாமல் பின்பற்றுகிறார்கள்.

சுபீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை. வரும்போதே ஒப்பீட்டு விகுதியை ஒட்டிக்கொண்டு வந்தன. லத்தீனில் 'சீனியர்' என்றாலே 'கூடுதல் மூத்தவர்'. 'பெட்டர்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அதோடு 'தேன்' வரும்; லத்தீனிலிருந்து வந்த இவற்றோடு 'டூ'தான் சேரும். 'மோர் சீனியர் தேன் மீ' என்று ஆபீஸில் கேட்டிருப்பீர்கள், அதுவும் தப்பில்லை. அங்கே சீனியர் வெறும் 'பதவியில் உயர்ந்தவர்' ஆகிவிட்டது. ஒப்பிடும் வேலை 'மோர்' கைக்குப் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ப்ரிஃபர்'. லத்தீனில் அதற்கு 'முன்னால் கொண்டுவருதல்' என்று பொருள். மேசையில் டீயும் காப்பியும் இருக்கின்றன. நீங்கள் காப்பி டம்ளரை முன்னுக்கு இழுக்கிறீர்கள். 'ஐ ப்ரிஃபர் காஃபி டூ டீ.'

'கம்பேரிங் டூ சேலம்' என்று வாக்கியம் தொடங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 'கம்பேர்டு' என்பதே சரி.

உங்கள் வரியில் இன்னொரு குறையும் தெரிகிறது. சுபீரியர் என்றால் எதில்? மணத்திலா, விலையிலா? கொட்டை வாங்குபவர் அதைத்தான் கேட்பார். ரொபஸ்டாவில் காஃபின் அரபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிகாக்‌ஷனுக்குக் கெட்டி கொடுப்பதும் அதுதான். காஃபின் கணக்கைச் சொல்ல 'அபவுட் டுவைஸ் அஸ் மச் காஃபின் அஸ் அரபிகா' என்று எழுதுங்கள். அங்கே தேனும் வராது, டூவும் வராது. இரண்டு 'அஸ்' வரும். பலர் முதல் 'அஸ்'ஸை விழுங்கிவிடுகிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.