சான்றிதழுக்காகத் தொண்டு செய்தால் தப்பா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் சனிக்கிழமைதோறும் தொண்டு செய்யப் போவதில் பெருமையாக இருந்ததாகவும், 'ரெஸ்யூமில் போடத்தான் போறேன்' என்று அவனே சொன்னதும் மனசு கசந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளிடம் இதை மறைக்காமல் சொல்கிற பையனைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். என்னிடம் வரும் மாணவர்கள் 'சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் சார்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், கூடப் போகிற நண்பர்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மனிதர்கள் அப்படித்தான். கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் முதலிய உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் தொண்டர்களின் நோக்கங்களை 6 வகையாகப் பிரித்தார்கள். பிறர் மேல் உள்ள அக்கறை அதில் ஒன்று. மற்றவை: வேலைக்கு உதவும் என்ற கணக்கு, கற்றுக்கொள்ளும் ஆசை, வேண்டியவர்களோடு ஒட்டி நிற்பது, தன் மேல் மதிப்புக் கூடுவது, சொந்தக் கவலையை மறப்பது. ஐந்திலும் 'எனக்கு' என்பது கொஞ்சமாவது ஒளிந்திருக்கிறது. இதே ஸ்னைடரும் ஆலன் ஓமோட்டோவும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய தொண்டர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 1995இல் எழுதியது இன்னும் சுவாரசியம். தன் வளர்ச்சி, தன் மதிப்பு என்று வந்தவர்கள்தான் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள்.

அப்படியானால் சுயநலத்திலும் ரகம் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு வேலை தொடரத் தொடர லாபம். காகிதத்துக்காக வந்தவனுக்கு அது கையில் கிடைத்ததும் ஜோலி முடிந்தது. 12 நாட்டு மாணவர்களை ஒப்பிட்டு 2010இல் வந்த ஓர் ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. வேலை தருபவர்கள் தொண்டை மெச்சும் நாடுகளில், ரெஸ்யூமுக்காக வந்த மாணவர்களின் ஈடுபாடு குறைவாகவே இருந்ததாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதம் ரெஸ்யூமுக்கே பெரிதாக உதவாது. மாதிரி நேர்முகத் தேர்வுகளில் நான் வழக்கமாகக் கேட்பது, 'அங்கே எது சரியா வரல?' ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர் விழிப்பார். அதே நான்கு பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கோ பேச்சு நிற்காது. பின்னம் என்றாலே எழுந்து ஓடிய பையன், தன் பாடமுறையை இரண்டு தடவை மாற்றியது, அப்படியும் ஒருத்திக்குப் புரியவைக்க முடியாமல் போனது என்று அடுக்குவார்.

அதனால் மகனின் நோக்கத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள், இடத்தைப் பொருத்துங்கள். வணிகவியல் படிக்கிறான் என்றால் சின்ன அமைப்பு ஒன்றின் வரவு செலவுக் கணக்கை எழுதட்டும். கணினி என்றால் அவர்களுடைய பதிவேடுகளை ஒழுங்கு செய்யட்டும். அவர்களுக்கும் பெரும்பாலும் இந்த மாதிரி ஆள்தான் கிடைப்பதில்லை.

நான் கண்டிப்பு காட்டுவது ஒரே விஷயத்தில்தான். இவன் லாபத்துக்கு அடுத்தவர் விலை கொடுக்கக் கூடாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகும் இடத்தில் மூன்று வாரம் சிரித்துப் பேசிவிட்டுக் காணாமல் போவது கொடுமை. வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை மாதம் வருவான் என்பதை முதல் நாளே சொல்லிவிடட்டும், கடைசி நாளன்று விடைபெற்று வரட்டும்.

அப்புறம், 'மனசாரச் செய்' என்று பிரசங்கமும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம். 1999இல் வந்த இன்னோர் ஆய்வு, விருப்பமில்லாத மாணவர்களைக் கட்டாயப்படுத்தினால் பிற்பாடு தொண்டு செய்யும் எண்ணமே குறைகிறது என்கிறது. அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்ததும் 'எதுக்குப் போறே?' என்பதை விட்டுவிட்டு 'இன்னிக்கு என்ன பண்ணினே?' என்று கேளுங்கள். நாலைந்து வாரம் கழித்தும் சான்றிதழ் தவிரச் சொல்ல எதுவும் இல்லையென்றால், அவனை என்னிடம் அனுப்புங்கள். வேறு இடம் பார்க்கலாம்.