டிவி, ரேடியோ, ஆன்லைன்னு இவ்ளோ இருக்கே, உலகச் செய்திக்கு எதை நம்பலாம்?

நான் ரங்கூன்ல பருப்பு புரோக்கர். யாங்கோன்னு பேர் மாத்தி வருஷக்கணக்கா ஆச்சு, ஆனா நம்ம ஆளுங்க வாயில இன்னும் ரங்கூன்தான். எனக்கு உலகச் செய்தி பொழுதுபோக்கு கிடையாது. டெல்லியில ஒரு கையெழுத்து விழுந்தா அன்னிக்கு சாயங்காலமே இங்க பயின்னவுங் மொத்த மார்க்கெட்ல உளுந்து விலை ஆடும், ஏன்னா இங்க விளையிற உளுந்துல பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகுது, நாங்க அதை இட்லிக்கு ஊறப்போடுறதெல்லாம் கணக்குலயே வராது. அதனால இந்தக் கேள்விக்கு நல்ல சேனல் லிஸ்ட் ஒன்னு எதிர்பாத்து வந்திருந்தா மன்னிச்சுக்கங்க. சேனலைப் பாத்து நம்புறதை நான் 2017லயே விட்டுட்டேன். இந்த சேதி முதல்ல யார் வாயிலேர்ந்து வந்துச்சு, அவன் அதைக் கண்ணால பாத்தானா, இதைத்தான் பாக்குறேன்.

ஏன் 2017னு சொல்றேன்னா, அந்த வருஷம் ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு நிதியாண்டுக்கு 2 லட்சம் டன்னுன்னு ஒரு உச்சவரம்பு வச்சுச்சு. அறிவிப்புல இருந்த வார்த்தை 'ரெஸ்ட்ரிக்டட்', அதாவது கட்டுப்பாடு. அதை ஒரு தமிழ் டிவி கீழ ஓடுற வரியில 'தடை'ன்னு போட்டான், அதை யாரோ வைபர் (வாட்ஸ்அப் மாதிரி ஒன்னு) குரூப்ல வாய்ஸா பேசி அனுப்ப, அது எங்க கிட்ட வந்து சேரும்போது கப்பல்ல ஏறின சரக்கைக் கூட திருப்பி அனுப்பிடுவாங்களாம்னு ஆயிடுச்சு. எங்க மாமா ஒருத்தர், பேர் வேணாம், பயந்து போய் கைல இருந்த துவரையை எல்லாம் கேட்ட விலைக்குத் தள்ளிட்டார். கட்டுப்பாடுக்கும் தடைக்கும் நடுவுல அவர் வீட்டுக்கு மாடி கட்ட வச்சிருந்த காசு போச்சு.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, துவரைக்குப் போட்டாச்சு உளுந்து பக்கம் வரமாட்டாங்கன்னு அடுத்த ரெண்டு வாரம் எல்லாரும் அடிச்சுப் பேசினாங்க, அதையும் எவனோ டிவியில சொன்னான்னுதான் பேச்சு. ஆகஸ்ட் 21ல உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன்னுன்னு வந்துச்சு. அன்னிக்குத்தான் இந்திய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தோட வெப்சைட்டுக்குப் போய் அந்த நோட்டிஃபிகேஷனையே நேரா படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கம்கூட இருக்காது, இங்கிலீஷ் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், ஆனா படிச்சா புரியும். இன்னிவரைக்கும் அதான் பழக்கம். 2021ல வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரைன்னு அஞ்சு வருஷத்துக்கு ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டப்போ பத்து விதமா கதை கிளப்பினாங்க, நான் எழுத்துல இருக்கறதைப் பாத்துட்டு கம்முன்னு இருந்தேன்.

எல்லா சேதிக்கும் இப்படி மூலக் காகிதம் கிடைக்காதுதான். உலகச் செய்தியில நிறைய ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி இந்த மூணு ஏஜென்சி கிட்டேர்ந்து வர்றதுதான், இந்தியான்னா பிடிஐ. மத்தவங்க அதை வாங்கித் தலைப்பு மாத்திப் போடுறாங்க. 'பத்து சேனல்ல வந்துச்சுப்பா'ன்னு யாராவது சொன்னா நான் கேக்குறது, பத்து பேர் பாத்தானா இல்ல ஒருத்தன் பாத்ததைப் பத்து பேர் சொல்றானான்னு. சேதிக்கு மேலயோ கீழயோ சின்ன எழுத்துல ஏஜென்சி பேர் இருக்கும், அதை யாரும் படிக்கிறதே இல்ல.

ரேடியோ பத்தி கேட்டிருக்கீங்க. சிரிப்பாங்க, ஆனா எங்க வீட்டுல இன்னும் ஒரு ஷார்ட்வேவ் பெட்டி இருக்கு, அப்பாவோடது. 1988ல அரசை எதிர்த்து இங்க நடந்த ஆகஸ்ட் 8 ஸ்ட்ரைக்கோட தேதி ஊர் ஊரா பரவினதே பிபிசியோட பர்மிய ஒலிபரப்பு வழியாத்தான், பக்கத்து வீட்டு பர்மிய ஊலே, அதாவது அங்கிள், எங்க வீட்டுக்கு வந்து அப்பாவோட சேர்ந்து சத்தத்தைக் குறைச்சு வச்சு கேப்பாராம், ஜன்னல் எல்லாம் சாத்திட்டு. எனக்கு நினைவு தெரிஞ்சு அப்பா கேட்டது பிபிசியோட தமிழோசைதான், இங்க ராத்திரி பத்தே காலுக்கு வரும். ரசிகரஞ்சனி, தொண்டன்னு தமிழ்ப் பேப்பர் வந்த காலமெல்லாம் அறுபதுகளோட முடிஞ்சு போச்சு, தமிழ்ப் பள்ளிக்கூடமும் போச்சு, அப்புறம் நல்ல தமிழ்ல ஒரு உலகச் சேதி காதுல விழணும்னா அந்தப் பெட்டிதான். 1941ல ஆரம்பிச்ச அந்த ரேடியோ ஒலிபரப்பை 2017 ஏப்ரல் கடைசியில நிறுத்திட்டாங்க, இணையத்துல பிபிசி தமிழ் இருக்கு. அப்பா ஒரு வாரம் அதே நேரத்துக்கு வெறுமனே முள்ளைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தார்.

பெட்டியோட அருமை 2021ல திரும்பத் தெரிஞ்சுது. பிப்ரவரி 1ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் ஃபேஸ்புக்கை அடைச்சாங்க, ராத்திரி 1 மணிலேர்ந்து நெட் கட், மார்ச் 15லேர்ந்து மொபைல் டேட்டாவே கிடையாது, ஃபோன் வெறும் டார்ச் லைட்டா போச்சு. மே மாசம் மொட்டை மாடி டிஷ்ஷுக்கும் தடை வந்துச்சு, வச்சிருந்தா ஒரு வருஷம் உள்ள இல்லன்னா 5 லட்சம் கியாட் அபராதம்னு சொன்னாங்க. பர்மாக்காரங்க டிஷ்ஷை சலௌங்னு சொல்வாங்க, சட்டி மூடின்னு அர்த்தம், அந்த மூடியைக் கழட்டி சாக்குல சுத்தி வச்ச வீடு எத்தனையோ. ரேடியோ பெட்டிக்கு மட்டும் சிம்மும் வேணாம் கரண்ட்டும் வேணாம், நாலு பேட்டரி போதும். உள்ளூர் அரசியலை இதுக்கு மேல நான் எழுதலை, புரிஞ்சுக்கங்க.

டிவின்னு வந்தா எனக்கு ஒரே ஒரு விதிதான், ஒரு சேனலோட சொந்த நாட்டு விஷயத்துக்கு அந்த சேனலைப் பாக்காதீங்க. அல் ஜசீரா காசு கத்தார் காசு, கத்தார் பத்தி அதுல தேடாதீங்க, காஸாவுக்கும் சூடானுக்கும் பாருங்க, அவங்க ஆளுங்க களத்துல நின்னவங்க. ஜப்பான்காரன் என்எச்கே பேசினா தூக்கம் வரும், ஆனா பூகம்பம், சுனாமின்னா அவன்தான். நம்ம பக்கத்து நாடுகளுக்கு சிங்கப்பூர் சிஎன்ஏ நல்லா இருக்கும், சிங்கப்பூர் உள் விவகாரத்துல அவங்க அடக்கித்தான் வாசிப்பாங்க. சைனாக்காரன் சேனலையும் நான் பாப்பேன், அவன் அரசாங்கம் என்ன சொல்ல விரும்புதுன்னு தெரியணும்ல.

இந்த விதி நமக்கும் சேர்த்துத்தான், வலிச்சாலும் சொல்லணும். 2025 மே மாசம் இந்தியா பாகிஸ்தான் சண்டையப்போ, 8ஆம் தேதி ராத்திரி, இந்திய சேனல் சிலதுல கராச்சி துறைமுகத்தை நேவி அடிச்சு நொறுக்கிடுச்சுன்னு சைரன் சத்தம் போட்டு ஓட்டினாங்க. யூடியூப்ல பாத்துட்டு எங்க தெரு டீக்கடையில கைதட்டல் வேற. விடிஞ்சா கராச்சி அப்படியேதான் இருந்துச்சு. அந்தப் பக்கத்துல வீடியோ கேம் காட்சியை விமானம் விழுந்ததுன்னு பரப்பிக்கிட்டு இருந்தாங்க, ஆக ரெண்டு பக்கமும் சமம். அன்னிக்கு ராத்திரி ராய்ட்டர்ஸ்ல இருந்ததெல்லாம் 'இந்தியா இப்படிச் சொல்லுது, பாகிஸ்தான் மறுக்குது, எங்களால உறுதி செய்ய முடியலை'ங்கிற மாதிரி சப்புன்னு நாலு வரி. அந்த சப்புன்னு இருக்கறதைத்தான் நான் தேடுறேன். எங்களுக்கு இன்னும் தெரியலைன்னு ஒத்துக்கிறவன் மேல எனக்கு மரியாதை கூடும்.

ஆன்லைன் நல்லதுதான் ஆனா 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல பட்டது மறக்காது. மாண்டலே பக்கம் 7.7, மத்தியானம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, இங்க ரங்கூன்லயும் ஆடுச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் வாஷிங்டன்ல ஒரு உத்தரவு போட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை முடக்கியிருந்தாங்க, பர்மிய ஒலிபரப்பும் அதோட போச்சு, கேக்கறதுக்கு ஒரு குரல் குறைஞ்ச நேரம் பாத்து பூமி ஆடுச்சு. அந்த எடத்துல வந்து உக்காந்தது டிக்டாக்தான். எங்கயோ எப்பவோ விழுந்த கட்டடம், ஏஐ போட்டுத் தந்த இடிபாடு, எல்லாம் மாண்டலேன்னு பேர் போட்டு ஓடுச்சு. டிக்டாக் ஜோசியர் ஒருத்தர் ஏப்ரல் 21ல எல்லா ஊரையும் நிலநடுக்கம் தாக்கும்னு சொல்ல, அதை நம்பி வீட்டை விட்டு வெளிய வந்து படுத்த ஜனம் கொஞ்சமில்ல, கடைசியில அவரை போலீஸ் பிடிச்சுது. எங்க வீட்டுலயும் அன்னிக்கு ராத்திரி ஹால்லதான் பாய் விரிச்சோம், பூகம்பத்தைத் தேதி போட்டுச் சொல்ல யாராலும் முடியாதுன்னு பொண்டாட்டிகிட்ட ரெண்டு மணி நேரம் பேசினேன், சரிதாங்க ஆனா கதவு பக்கத்துலயே படுப்போம்னுட்டா.

இப்பல்லாம் வீடியோ வந்தா நிறுத்தி ஒரு படம் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுவேன், பழசுன்னா பழைய தேதியோட வந்து நிக்கும். நிலநடுக்கம்னா அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தோட பக்கத்துலயே அளவு, ஆழம், நேரம் எல்லாம் சில நிமிஷத்துல வந்துடும், அதுக்கு நடுவுல நியூஸ் சேனலே வேணாம். டெலிகிராம் சேனல் நாலஞ்சு வச்சிருக்கேன், சண்டையில இருக்கற ரெண்டு பக்கத்து ஆளுங்களோடதும், ரெண்டும் ஒத்துக்கிற சின்ன விஷயம் எதுவோ அது அனேகமா நடந்திருக்கும்.

மேல சொன்ன மாமா இன்னும் வைபர்லதான் இருக்கார். நேத்து ராத்திரிகூட ஏழு நிமிஷ நீளத்துல ஒரு வாய்ஸ், 'மாப்ள உளுந்து விஷயம் உடனே கேளு'ன்னு. இன்னும் கேக்கலை, சார்ஜ் இல்ல, கரண்ட் வந்ததும் முதல்ல டெல்லி வெப்சைட்டைத் திறக்கணும், அப்புறம்தான் மாமா.