2⁰ ஏன் 1? சுட்டி விதிகள் எப்படி வந்தன?

தம்பி, திருகோணமலையில் பத்தாம் தரம் படிப்பதாகவும், சுட்டி விதிகள் மனதில் நிற்கவில்லை என்றும், 2⁰ ஏன் 1 என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விதியை விட்டுவிட்டு விரித்து எழுதிப் பாருங்கள். 2³ என்றால் 2×2×2. இதில் 2 அடி, 3 சுட்டி. 2³×2⁴ ஐ விரித்தால் மூன்று இரண்டும் நான்கு இரண்டும் சேர்ந்து ஏழு இரண்டுகள் பெருகி நிற்கும். அதனால்தான் 2⁷, அதாவது 128. வகுத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், சுட்டியைக் கழிக்கிறோம். (2³)² என்பது 8×8, ஆறு இரண்டுகள். இங்கே சுட்டிகளைப் பெருக்க வேண்டும்.

சரி, 2⁰. 2³=8, 2²=4, 2¹=2. சுட்டி ஒன்று குறையும்போதெல்லாம் விடை பாதியாகிறது. அடுத்தது 1 தானே? பூச்சியம் என்று எழுதினால் இந்த ஒழுங்கு அங்கேயே உடைந்துவிடும். அப்புறம் 2⁻¹ அரை, 2⁻² கால். மறைச் சுட்டி வந்ததற்காக விடை மறை எண் ஆகிவிடாது.

உவர்மலைப் பக்கம் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் அதிகம் தடுக்குவது 2³+2⁴ இல்தான். உடனே 2⁷ என்று எழுதிவிடுவார்கள். 8+16=24, 128 எங்கே, 24 எங்கே! நடுவில் கூட்டல் குறி இருந்தால் சுட்டிகளைக் கூட்ட முடியாது. 2³×5⁴ போல அடிகள் வேறுபட்டாலும் அப்படித்தான்.