ஓரங்கட்டப்பட்ட மூத்த பேட்ஸ்மேனைத் தேர்வுக்குழு மீண்டும் அழைக்கலாமா?

அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஓய்வும் அறிவிக்காமல் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருப்பவரைத் திரும்பச் சேர்ப்பதைத்தான் மறுவாய்ப்பு என்கிறோம். என் பதில்: தரலாம், ஆனால் பழைய பெயருக்காக அல்ல.

ஒரே ஒரு பெரிய போட்டி என்றால் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்கு, இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த மூத்த பேட்ஸ்மேன் ரஹானேயை அழைத்தார்கள். லண்டன் ஓவல் மைதானத்தில் 89, 46 என்று அடித்து, தோற்ற அணியில் அவர்தான் தனித்துத் தெரிந்தார். நீண்ட தொடர், புதிய அணி என்றால் கணக்கே வேறு. 35 வயதுக்காரருக்குத் தரும் இடம் 22 வயதுக்காரர் கற்றுக்கொள்ள வேண்டிய இடமும்கூட.

மலைப்பாதைக்கு ஓட்டுநர் தேடுவதைப் போலத்தான் இது. இருபது வருட அனுபவம் நல்லதுதான். இன்றைக்குக் கண்பார்வை எப்படி என்றும் பார்த்துத்தான் சாவியைக் கொடுப்போம். பேட்டிங்கில் அந்தப் பார்வைக்குச் சமம், வேகப்பந்தைச் சட்டெனக் கணிக்கும் திறன். அது குறைந்தால் உத்தி மட்டும் காப்பாற்றாது.

கருண் நாயர் 2016இல் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தவர். அடுத்த ஆண்டே இடம் போனது (இன்னும் ஜீரணிக்க முடியாத முடிவு). 2024-25 ரஞ்சியில் (மாநில அணிகள் மோதும் உள்நாட்டுப் போட்டி) 863 ரன் குவித்து, 2025இல் இங்கிலாந்து சென்றார்; அங்கே ஒரே ஒரு அரைசதம்தான். அழைத்தது நியாயமே, பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரஞ்சியில் ரன் குவித்தாலே இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஆடும் வரிசையில் காலியிடமும் இருக்க வேண்டும், ரஹானேவுக்கே ஷ்ரேயஸ் ஐயர் காயமடைந்த பிறகுதான் கதவு திறந்தது.