ஒரு லாட் வழவழ, அடுத்த லாட் பிசிறு: குறை என்சைமிலா, கழுவலிலா?

கேள்வி: பருத்திப் பின்னல் துணிக்குச் சாயம் ஏற்றும் முன் பயோ வாஷ், அதாவது பிசிறை நீக்கும் என்சைம் கழுவல், கொடுக்கிறோம். அதே என்சைம், அதே அளவு. ஆனால் ஒரு லாட் வழவழவென்று வருகிறது, அடுத்ததில் பிசிறு அப்படியே நிற்கிறது. சப்ளையர் சொன்னபடி அளவை இரட்டிப்பாக்கினோம். இப்போது சில லாட்கள் பர்ஸ்டிங் டெஸ்ட்டில் (அழுத்தினால் துணி கிழியாமல் தாங்குகிறதா என்ற சோதனை) தேறவில்லை. கேனில் வருவது கலப்படமா?

பதில்: ஒரே கேனில் எடுத்த என்சைம் இரண்டு லாட்டில் இரண்டு விதமாக வேலை செய்தால், முதலில் கேனைச் சந்தேகிக்காதீர்கள். ப்ளீச்சிங்குக்குப் பிறகு நடக்கும் கழுவலைப் பாருங்கள்.

நீங்கள் ஊற்றுவது செல்லுலேஸ், பருத்தி இழையை அரிக்கும் என்சைம். பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா ரீசெய் என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை மக்கவைத்த பூஞ்சை இதுதான். பருத்தியைத் தின்பதே அதன் பிழைப்பு. மேலே நிற்கும் பிசிறை மட்டும் கடித்துவிட்டு நிறுத்த அதற்குத் தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

ப்ளீச்சிங்கில் போட்ட பெராக்சைடு துணியில் மிச்சம் இருந்தால் என்சைம் கெட்டுப்போகும். அரைகுறையாகக் கழுவிய லாட்டில் பாதி என்சைம் அப்படித்தான் வீணாகியிருக்கும், பிசிறு நின்றிருக்கும். நீங்கள் அளவை இரட்டிப்பாக்கினீர்கள். அடுத்து நன்றாகக் கழுவிய லாட் வந்தது. அதில் இரட்டை அளவும் முழுசாக வேலை செய்து நூலையே அரித்துவிட்டது. உங்கள் கதை இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே பழைய அளவுக்கே திரும்புங்கள். என்சைம் போடும் முன் பெராக்சைடு பரிசோதனைத் தாளை மெஷின் தண்ணீரில் மட்டும் தோய்த்துப் பார்த்தால் போதாது. துணியின் ஓரத்தைப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் தோய்த்துப் பாருங்கள். மிச்சம் தெரிந்தால் கேட்டலேஸ் என்ற இன்னொரு என்சைமைப் போடுங்கள். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும், செல்லுலேஸைத் தொடாது. பி.ஹெச். 4.5 முதல் 5.5, சூடு 50 முதல் 55 டிகிரி. ஆசிட் போட்டதும் பி.ஹெச். பார்த்துவிட்டு நகர வேண்டாம். துணி பத்து நிமிடம் ஓடட்டும், உள்ளே ஒளிந்திருக்கும் காரம் அப்போதுதான் வெளியே வரும். அப்புறம் இன்னொரு முறை பாருங்கள்.

நேரம் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. என்சைம் இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும். 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், அல்லது சோடா ஆஷ் போட்டு பி.ஹெச். 10-க்கு மேல் கொண்டுபோங்கள்.

இனி சப்ளையர் விஷயம். துணியைப் பார்க்காமல், பி.ஹெச். என்ன என்று கேட்காமல், "டோஸை ஏற்றுங்கள்" என்பவர் சரக்கை விற்கிறார், ஆலோசனை சொல்லவில்லை. பெரிய கேனில் வாங்கி, தண்ணீர் கலந்து, சிறிய கேனில் தன் லேபிளை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் சீல் வைத்த கேன், பேட்ச் எண், தயாரித்த தேதி, வீரிய அளவு, அதை அளந்த முறை: இதில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். அளந்த முறையை ஏன் கேட்கச் சொல்கிறேன்? 50 மில்லிகிராம் வடிதாளை வைத்துச் செல்லுலேஸை அளக்கும் பொது முறை 1987-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. இன்றும் ஆளுக்கொரு யூனிட்டில் லேபிள் அடிக்கிறார்கள். ஒருவரின் பத்தாயிரமும் இன்னொருவரின் ஐயாயிரமும் ஒரே வீரியமாக இருக்கலாம். இத்தனை வருடமாக இதை ஒழுங்குபடுத்தாமல் விட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நஷ்டம் முழுக்க உங்களைப் போன்ற சிறிய யூனிட்டுகளின் தலையில்தான் விழுகிறது.

கேனிலும் சந்தேகம் தீரவில்லையா? சாயமேற்றாத ஒரே துணியில் மூன்று சம துண்டுகள் வெட்டி எடை போடுங்கள். மூன்று பாட்டிலில் ஒரே தண்ணீர், ஒரே பி.ஹெச்., ஒரே சூடு. ஒன்றில் பழைய நல்ல என்சைம், ஒன்றில் புதியது, ஒன்றில் கொதிக்கவைத்த என்சைம். ஒரு மணி நேரம் குலுக்கி, அலசி, காயவைத்து மறுபடி எடை பாருங்கள். கொதிக்கவைத்தது செத்த என்சைம், ஒப்பிட மட்டும்; புதியதில் எடை பழையதைவிடக் குறைவாகவே இறங்கியிருந்தால் கேனைச் சந்தேகிக்கலாம். இரண்டு எடையும் ஒரே மாதிரி காய்ந்த நிலையில் போட்டதாக இருக்க வேண்டும். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுக்கும். நீங்கள் தேடும் எடைக் குறைவோ 3 முதல் 5 சதவீதம்தான், ஈரத்திலேயே அது மறைந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கவனமாகப் படியுங்கள். கேனில் "நியூட்ரல்" என்று இருந்தால் நான் சொன்ன பி.ஹெச். பொருந்தாது. அந்த வகை பெரும்பாலும் ஹூமிகோலா என்ற வேறு பூஞ்சையுடையது, பி.ஹெச். 6 முதல் 7-ல் வேலை செய்யும். பழக்கதோஷத்தில் அதில் ஆசிட்டை ஊற்றினால் நல்ல சரக்கும் மந்தமாகத் தெரியும், நீங்கள் மறுபடி அளவை ஏற்றுவீர்கள். ஆசிட் வகையின் டோஸ் கணக்கையும் இதற்குக் கொண்டுவராதீர்கள். சப்ளையர் வகையை மாற்றிவிட்டுச் சொல்லாமல் விடுவதும் உண்டு, அதனால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

ஏற்கெனவே பலம் போன லாட்களுக்கு மருந்து இல்லை. சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொட்டால் மென்மையாக இருக்கும், நூல் அறுந்தது அறுந்ததுதான். அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்து, கட்டிங்குக்குப் போகும் முன் துணிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.