சொல் கேளுங்கள்: புதுமொழிக்கு வயது ஏற்றுவது எப்படி?

சிறுவயதிலிருந்து நோட்டுப் புத்தகங்களில் நான் வளர்த்துவரும் ‘ஓமி’ என்ற கற்பனை மொழியைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். தமிழ்ப் பாடம், இலக்கணம் என்று வழக்கமாக வரும் கேள்விகளை இந்த முறை அந்த இரண்டு பத்தி ஓரங்கட்டிவிட்டது. எனவே இந்த இதழ் முழுக்க மொழி உருவாக்குபவர்களுக்கு.

உயர்நிலை மூன்று மாணவர், ஈசூன்: கதைக்காக ஒரு மொழி உருவாக்குகிறேன். நிறையச் சொற்கள் சேர்த்துவிட்டேன். ஆனால் வாசித்துக் காட்டினால், “தமிழைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு” என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

தம்பி, நீ அனுப்பிய பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் எந்தெந்த ஒலிகள் வேண்டும் என்று முடிவு செய்யாமலே சொல் கட்டத் தொடங்கிவிட்டாய். அதனால் தமிழின் ஒலிகள் எல்லாம் தமிழின் வரிசையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டன. ள, ழ, ற மூன்றும் இருந்து, க்க, ந்த, ம்ப என்று மெய்கள் இரட்டித்தும் இணைந்தும் வந்தால் யார் காதிலும் அது தமிழாகத்தான் விழும்.

முதலில் எதை விடுவது என்று பார். ஓமியிலிருந்து நாவை வளைத்துச் சொல்லும் ட, ண, ள, ழ நான்கையும் எடுத்துவிட்டேன். அந்த ஒரு முடிவிலேயே தமிழ்ச் சாயல் பெரும்பாலும் போய்விட்டது. அடுத்தது, எந்த ஒலி எங்கே நிற்கலாம் என்பது. தொல்காப்பியத்தில் பிறப்பியலும் மொழிமரபும் படி. ஒலி பிறக்கும்போது நா, பல், இதழ், அண்ணம் என்ன செய்கின்றன என்பதைப் பிறப்பியல் சொல்கிறது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்பதை மொழிமரபு சொல்கிறது. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பதால்தான் இரவி, இலாபம் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்தார்கள். வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றோடு சேர்ந்து சொல்லைத் தொடங்காது. உன் மொழிக்கும் இப்படிப்பட்ட தடைகள் வேண்டும். மொழியின் முகம் அதன் தடைகளில்தான் தெரிகிறது. பழைய ஓமியில் ஒவ்வொரு சொல்லும் மெய்யில் தொடங்கி உயிரில் முடியும், இரண்டு மெய்கள் சேர்ந்து வராது. படகு ‘மோத’. வலை ‘காத’. விளக்கு ‘லூப’.

மென்பொருள் பொறியாளர், பொங்கோல்: என் மொழி கணித வாய்பாடு போல மிகச் சீராக இருந்ததால் விதிவிலக்குகளைச் சேர்த்தேன். இப்போது இன்னும் செயற்கையாகத் தெரிகிறது. காலப்போக்கில் ஒலி மாறுவதை எப்படிக் கொண்டுவருவது?

விதிவிலக்கை நேரடியாகச் செய்யவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விதியைச் செய்யுங்கள். அதை எல்லாச் சொற்கள் மீதும் பாரபட்சமின்றி ஓட்டுங்கள். அப்புறம் அதன் மேல் இன்னொரு விதி. விதிவிலக்குகள் தாமாகவே விளையும்.

சான்று உங்கள் வாயிலேயே இருக்கிறது. படித்தேன், சிரித்தேன், தெரிந்து என்று எழுதுகிறோம். படிச்சேன், சிரிச்சேன், தெரிஞ்சு என்று பேசுகிறோம். ஆனால் எடுத்தேன், படுத்தேன், நடந்து, மறந்து ஆகியவை பேச்சிலும் அப்படியே நிற்கின்றன. எடுச்சேன் என்றோ நடஞ்சு என்றோ தேக்கா சந்தையில் எவரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருந்தால்தான் வினைச்சொல்லின் த்த, ச்ச ஆகிறது. ந்த, ஞ்ச ஆகிறது. இகரத்தைச் சொல்லும்போது நா மேலண்ணத்தை நோக்கி எழும். அடுத்து வரும் தகரத்தையும் அது மேலே இழுத்துக்கொள்கிறது. ‘இந்த’ போன்ற சொற்கள் இதில் அகப்படவில்லை. எனவே விதியை எழுதும்போது அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

இனி ‘வைத்தேன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பேச்சில் ‘வச்சேன்’. இதில் இகரமும் இல்லை, ஐகாரமும் இல்லை. பிறகு ச்ச எங்கிருந்து வந்தது? முதலில் ஐகாரம் தகரத்தைச் சகரமாக்கியது. அந்த வேலை முடிந்த பின் ஐகாரமே தேய்ந்து அகரமாகிவிட்டது. காரணம் மறைந்துவிட்டது, விளைவு மட்டும் நிற்கிறது. ஐந்து, அஞ்சு ஆனதும் நினைத்தேன், நெனச்சேன் ஆனதும் இந்த வழியில்தான். வரிசை மாறியிருந்தால் வத்தேன், நெனத்தேன் என்று பேசிக்கொண்டிருப்போம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்றேன் என்பது வித்தேன் ஆகிறது, விச்சேன் ஆவதில்லை. முன்னால் இகரம் இருந்தும் ஏன் தப்பியது? த்த, ச்ச-வாக மாறிய காலத்தில் அது இன்னும் ற்ற-வாகவே இருந்திருக்கிறது. மாற்றம் ஓய்ந்த பிறகுதான் அங்கே த்த வந்து சேர்ந்தது. தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மொழி உருவாக்குகிறவர்கள் லத்தீனையும் வெல்ஷையும் தேடிப் போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஓமியில் இதை இப்படிச் செய்தேன். படகு ‘மோத’, படகுகள் ‘மோதி’. முதல் விதி: இகரத்துக்கு முன் தகரம் சகரமாகும். மோதி, ‘மோசி’ ஆனது. இரண்டாம் விதி: சொல்லின் கடைசி உயிர் உதிரும். ஒரு படகு ‘மோத்’, பல படகுகள் ‘மோச்’. பன்மை உருபு காணாமல் போய், ஒரு மெய் மாறுவதே பன்மைக்கு அடையாளமாகிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை, இரண்டு விதிகள் தாமே செய்த வேலை. வரிசையைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ‘மோத்’ என்றே முடியும். எது ஒன்று, எது பல என்று தெரியாது.

விளக்குக்கு அதுதான் நேர்ந்தது. ‘லூப’, ‘லூபி’ இரண்டிலும் தகரம் இல்லை, கடைசி உயிர் உதிர்ந்ததும் இரண்டும் ‘லூப்’. பேசுகிறவர்கள் இந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஏதாவது செய்வார்கள். கூட்டம் என்று பொருள்படும் ‘நெம்’ என்ற சொல்லைப் பின்னால் ஒட்ட வைத்தேன். ‘லூப்நெம்’ என்றால் விளக்குகள். தமிழும் இப்படிச் சரிசெய்துகொண்ட மொழிதான். ‘அவர்’ பன்மையாக இருந்தது. ஒருவரை மதித்துச் சொல்லவும் அதே சொல் பயன்பட்டதும் பன்மை மங்கியது. அஃறிணைக்கு உரியதாகத் தொல்காப்பியம் சொல்லும் ‘கள்’ வந்து ‘அவர்கள்’ பிறந்தது. இப்போது ‘அவர்கள்’ என்பதும் ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட்டது.

1878இல் ஓஸ்தாஃப், புரூக்மன் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள், ஒலிவிதிக்கு விதிவிலக்கு கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். மொழியியல் அதற்குப் பிறகு பல திருத்தங்களைச் சேர்த்துவிட்டது. ஆனால் மொழி உருவாக்குகிறவர் அந்தக் கண்டிப்போடு தொடங்குவதுதான் நல்லது. நீங்கள் நிரல் எழுதுபவர் என்பதால் விதிகளை வரிசையாகக் கொடுத்துச் சொற்பட்டியலை ஓட்டுவது எளிது. அதற்கென்றே செய்த இலவச நிரல்களும் உண்டு. வெளியே வரும் ஒவ்வொரு சொல்லையும் மட்டும் வாயால் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் அடுத்த விதி காத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ: சொற்களஞ்சியத்தை எப்படிப் பெருக்குவது? அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்று செய்வது அலுப்பாக இருக்கிறது.

அலுப்பாக இருப்பதே நல்ல அறிகுறி, நிறுத்திவிடுங்கள். வேர்களைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு அவற்றைக் கூட்டுங்கள், பிறகு கூட்டியதை மறக்க விடுங்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், எள்ளின் நினைவே இல்லை. தண்மையான நீர் தண்ணீர். ஆனாலும் காப்பிக்கடையில் ‘சுடுதண்ணி’ கேட்கிறோம். கிழவன் என்றால் சங்க இலக்கியத்தில் உரிமை உடையவன், இன்று முதியவன். உங்கள் சொற்களும் இப்படி நகரட்டும்.

அடுத்த ஊற்று, கடன். கடன் சொல் எழுத்தைப் பார்த்து மாறுவதில்லை, காதைப் பார்த்து மாறுகிறது. குவீன்ஸ்டவுனில் எங்கள் மாடியில் இருந்த மலாய்க் குடும்பத்தோடு பேசிப் பேசித்தான் இது எனக்குப் பிடிபட்டது. நம் கப்பலும் கட்டிலும் மலாய்க்குப் போய் இரட்டிப்பை இழந்தன, வல்லோசையை இழக்கவில்லை. கடை, முதல் என்ற சொற்களில் உள்ள ஒற்றை டகரமும் தகரமும் நம் வாயில் தொண்டை அதிர்வோடு மென்மையாக ஒலிப்பவை. மலாய்க்காரர் கேட்டது அந்த ஓசையைத்தான், ‘கெடாய்’ என்றும் ‘மொடால்’ என்றும் அதையே வைத்துக்கொண்டார்கள். மாம்பழத்தின் ழகரம் லகரமாகி ‘மெம்பெலாம்’ ஆயிற்று. எதிர்த் திசையில் பாருங்கள். ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லில் நடுவே இருப்பது ஒற்றைத் தகரம், ஆனால் வல்லோசை. தமிழில் அந்த ஓசை வேண்டுமென்றால் இரட்டிக்கத்தான் வேண்டும். தோட்டத்துத் தமிழர் ‘கித்தா’ என்றார்கள். போகும்போது இரட்டிப்பு கழிகிறது, வரும்போது சேர்கிறது. எவரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை, அத்தனையும் காதுகள் செய்த கணக்கு.

கடன் எப்போது வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். கன்னடத்தில் சொல் முதல் பகரம் ஹகரமாயிற்று: பால் ‘ஹாலு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. ஆனால் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த ‘புஸ்தக’, ‘பத்ர’ ஆகியவை பகரத்தோடே நிற்கின்றன. ஓமி பேசப்படும் கற்பனைத் தீவுக்குப் பிற்காலத்தில் கண்ணாடி விற்க வந்த வணிகர்கள் ‘ரூதி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். தகரம் சகரமாகவில்லை, இகரம் உதிரவில்லை. தீவுக்காரர்கள் எவருக்கும் அது வெளியூர்ச் சொல் என்று கேட்டவுடன் தெரியும்.

ஒரு தாய், உட்லண்ட்ஸ்: மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். நோட்டு நோட்டாகப் புரியாத மொழி எழுதுகிறாள். தமிழ் மதிப்பெண் சுமார்தான். இறுதித் தேர்வு ஆண்டில் இது தேவையா? நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மூடிவைக்கச் சொல்வது சரி. ஆனால் நோட்டைப் பறிக்க வேண்டாம். இந்த வயதில் ஒரு பிள்ளை தானாகவே பன்மைக்கு ஒரு குறி, காலத்துக்கு ஒரு குறி என்று தேடுகிறாள் என்றால், இலக்கணத்தை அவள் மனப்பாடம் செய்யவில்லை, உண்டாக்கிப் பார்க்கிறாள்.

அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “உன் மொழியில் ‘நாம் போவோம்’, ‘நாங்கள் போவோம்’ இரண்டும் வேறு வேறா?” தமிழில் வேறு. மலாயிலும் ‘கிட்டா’, ‘காமி’ என்று வேறு. ஆங்கிலத்தில் ஒன்றே. இதற்குப் பதில் சொல்ல, கேட்கிறவரைச் சேர்ப்பது எது, விலக்குவது எது என்று அவள் தமிழைக் கூர்ந்து பார்த்தே ஆக வேண்டும். அடுத்த நாள் ‘அவனால்’, ‘அவனோடு’, ‘அவனுக்கு’ என்று கேளுங்கள். வேற்றுமை முழுவதும் அவள் மேசைக்கு வந்துவிடும். உங்களுக்கு நேரமிருந்தால் அந்த மொழியில் ஐந்தாறு சொற்கள் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அது பெரிய மகிழ்ச்சி. என் அம்மாவுக்கு ஓமியில் வணக்கம் சொல்லத் தெரியும்.

கல்லூரி மாணவி, ஜூரோங்: பாகுபலியில் வந்த கிளிக்கி, எஸ்பெராண்டோ போன்றவற்றுக்கும் இப்படி வரலாறு உண்டா?

நோக்கம் வேறு வேறு. 1887இல் ஸாமென்ஹோஃப் எஸ்பெராண்டோவை எல்லாருக்குமான பொதுமொழியாக வெளியிட்டபோது எவரும் விரைவாகக் கற்க வேண்டும் என்று நினைத்தார், அதனால் விதிவிலக்குகளைக் களைந்தார். 2015இல் வந்த படத்துக்காகக் கிளிக்கியை மதன் கார்க்கி ஏறக்குறைய 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக உருவாக்கினார். போர்க்களத்தில் கேட்டவுடன் அச்சம் தர வேண்டும் என்பது அங்கே முதல் தேவை. ஒரு தாய்மொழியை முதலில் செய்து, அதிலிருந்து ஒலிவிதிகளால் பிள்ளை மொழிகளைப் பிரித்தெடுத்தவர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன். அவர் கதைகளில் வரும் குவென்யா, சிந்தாரின் என்ற மொழிகள் அப்படி வந்தவை. என் மனம் அந்தப் பக்கம்தான்.

ஓய்வுபெற்ற தாதி, அங் மோ கியோ: எனக்கும் ஆசை வந்துவிட்டது. இலக்கணம் அதிகம் தெரியாது. எங்கே தொடங்கட்டும்?

பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலிருந்து. 1961இல் வெளிவந்தது, 1984இல் திருத்திய பதிப்பு, 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு பதிவைத் திறந்து, தமிழ்ச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கன்னடச் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதிவிட்டுக் கையை எடுங்கள். ‘பல்’லில் தொடங்குங்கள், மேலே சொன்ன ஹகர விதியே போதும். பிறகு ‘செவி’க்குப் போங்கள். கன்னடத்தில் ‘கிவி’. இங்கே மாறியது கன்னடமல்ல, தமிழ்: இகர, எகரத்துக்கு முன் பழைய ககரம் சகரமாயிற்று. அப்படியானால் கேள், கெடு, கிளி ஆகியவை ஏன் மாறவில்லை? அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் உங்கள் விடையோடு தொடங்குகிறேன்.